தனியா கார் ஓட்டிட்டு கார்பூல் லேனில் போகலாம்... ஆனா காசு கொடுக்கணும்! அமெரிக்காவின் 'ஹாட் லேன்' எப்படி வேலை செய்கிறது?

வெறும் 16 கிலோமீட்டர் தூரம். டோல் கட்டணம் 40 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 ரூபாய்!

2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகும் வர்ஜீனியா மாநில மக்கள், சாலையோர மின்னணு பலகையைப் பார்த்து அதிர்ந்து போனார்கள். 'ஐ-66' என்ற நெடுஞ்சாலையில் டிசம்பர் 4-ஆம் தேதி புதிய டோல் முறை தொடங்கியது. முதல் நாள் காலையிலேயே கட்டணம் 34.50 டாலரைத் தொட்டது. மறுநாள் 40 டாலர். உலகம் முழுக்க செய்தியானது. 'இது டோலா, வழிப்பறியா?' என்ற அளவுக்குக் கோபம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் வரை, பீக் அவரில் அந்தச் சாலையில் காரில் தனி ஆளாகப் போகவே அனுமதி கிடையாது. குறைந்தது 2 பேர் இருக்கணும். இல்லன்னா அபராதம். புதிய முறையில் அந்த 2 பேர் இருக்கும் காருக்கு டோல் இல்லை, இலவசம்தான். இதுவரை உள்ளேயே விடாத தனி ஆளிடம்தான், 'காசு கொடுத்தா நீயும் போகலாம்' என்று சொன்னார்கள்.

அப்படின்னா மக்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? அதைப் புரிந்துகொள்ள 'கார்பூல் லேன்' கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்பூல் லேன் என்றால் என்ன?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில், பெரும்பாலும் இடது ஓரத்து லேனில், வெள்ளை நிறத்தில் வைர வடிவம் வரைந்திருக்கும். அங்கே வலதுபக்கம் வண்டி ஓட்டுவார்கள் என்பதால், இடது ஓரம் என்பது சாலையின் நடுப்பகுதி. அந்த லேனில் பஸ்ஸும், குறைந்தது 2 அல்லது 3 பேர் இருக்கும் காரும்தான் போக முடியும். 4 பேர் 4 காரில் போவதற்குப் பதிலாக ஒரே காரில் போனால், சாலையில் 3 கார் குறையும். அப்படிச் சேர்ந்து போறவங்களுக்கு டிராஃபிக்கில் நிற்காத ஒரு லேன் பரிசு. அவ்வளவுதான் ஐடியா.

1969-இல் வாஷிங்டனை ஒட்டிய ஷெர்லி நெடுஞ்சாலையில் பஸ்களுக்கென்று தனி லேன் திறந்தார்கள். 1973-இல், 4 பேர் இருக்கும் கார்களையும் அதில் விட்டார்கள். அது பெட்ரோல் நெருக்கடி காலம். ஒரே காரில் சேர்ந்து போவதை அரசே ஊக்குவித்தது.

இதிலிருந்து ஒரு சுவாரஸ்யமான பழக்கமும் பிறந்தது. வடக்கு வர்ஜீனியாவில், முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நிற்பார்கள். கார் வந்து நிற்கும். டிரைவர் போகும் இடத்தைச் சொல்வார். அந்தப் பக்கம் போறவங்க ஏறிக்கொள்வார்கள். பணம் எதுவும் கைமாறாது. டிரைவருக்கு கார்பூல் லேன், ஏறியவருக்கு இலவச பயணம். இதற்கு 'ஸ்லக்கிங்' என்று பெயர். டிரைவராகப் பேச்சுக் கொடுத்தால் ஒழிய பேசக்கூடாது என்பது எழுதப்படாத விதி! அரசு நடத்தாத, ஆப் எதுவும் இல்லாத இந்த ஏற்பாடு 1970-களில் தொடங்கி பல பத்தாண்டுகளாக ஓடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி சுமுகமாகப் போகவில்லை. 1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் சான்டா மோனிகா ஃப்ரீவேயில், புதிதாக லேன் போடாமல், ஏற்கெனவே இருந்த லேனையே கார்பூலுக்கு ஒதுக்கினார்கள். மற்ற லேன்கள் ஸ்தம்பித்தன. மக்கள் கொதித்தார்கள், வழக்கு போட்டார்கள். 21 வாரங்களில் நீதிமன்றமே அதை நிறுத்தியது. இருக்கும் லேனைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தச் சம்பவம் இன்றுவரை உதாரணமாகச் சொல்லப்படுகிறது.

காலியாகக் கிடந்த லேன்

அடுத்த பிரச்சினை, சேர்ந்து பயணம் செய்யும் பழக்கமே குறைந்து போனது. 1980-இல் அமெரிக்காவில் வேலைக்குப் போறவங்களில் 19.7 சதவீதம் பேர் கார்பூலில் போனார்கள் என்கிறது அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2010-இல் அது 9.7 சதவீதம். பாதியாகிவிட்டது! பெட்ரோல் விலை குறைந்தது, ஒவ்வொரு வீட்டிலும் கார் எண்ணிக்கை கூடியது, அலுவலகங்கள் நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் பரவின. ஒரே தெருவில் இருந்து ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போறவங்க கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

விளைவு? மூன்று லேன்களில் கார்கள் ஊர்ந்து கொண்டிருக்க, பக்கத்து கார்பூல் லேனில் எப்போதோ ஒரு கார் 'சர்ர்' என்று போகும். தினமும் இதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவருக்கு எப்படி இருக்கும்? நியூ ஜெர்சியில் ஐ-80, ஐ-287 சாலைகளில் இருந்த கார்பூல் லேன்களை 1998-இல் மூடிவிட்டு, எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

'அப்போ விதியைத் தளர்த்தலாமே?' என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். குறைந்தது 3 பேர் என்று வைத்தால் லேன் காலி. 2 பேர் என்று வைத்தால் பல ஊர்களில் அதுவும் நிரம்பி ஜாம். கணவன் மனைவி போனாலே 2 பேர் ஆகிவிடுகிறதே! இரண்டுக்கும் நடுவே 'இரண்டரை பேர்' என்று விதி போட முடியாது. அந்த இடைவெளியை விலையால் நிரப்பலாம் என்று யோசித்ததன் விளைவுதான் 'ஹாட் லேன்'. பெயரைப் பார்த்து சூடான லேன் என்று நினைத்துவிட வேண்டாம். 'அதிக ஆட்கள் அல்லது டோல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. காரில் ஆள் இருந்தால் இலவசம், இல்லையென்றால் காசு.

தொடங்கியது கலிஃபோர்னியா

1995 டிசம்பர் 27-ஆம் தேதி, ஆரஞ்சு கவுன்ட்டியில் 'ஸ்டேட் ரூட் 91' நெடுஞ்சாலையின் நடுவே 10 மைல் நீளத்துக்குப் புதிய டோல் லேன்கள் திறக்கப்பட்டன. கட்டியது ஒரு தனியார் நிறுவனம். 3 பேர் இருந்தால் இலவசம், மற்றவர்களுக்கு நேரத்துக்கு ஏற்ற கட்டணம். டோல்கேட் கிடையாது, நிற்க வேண்டியதில்லை, காரில் ஒட்டிய கருவியிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படும்.

அடுத்த ஆண்டு சான் டியாகோ. அங்கே ஐ-15 சாலையில் 1988-இல் திறந்த 8 மைல் கார்பூல் லேன் பாதி காலியாகவே கிடந்தது. பக்கத்து ஊரான போவேயின் மேயராக இருந்து, பிறகு மாநில சட்டமன்றத்துக்குப் போன ஜான் கோல்ட்ஸ்மித், காலியாக இருக்கும் இடத்தைத் தனியாகப் போகிறவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் பஸ் விடலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். 1996 டிசம்பரில் மாதப் பாஸ் முறையில் தொடங்கியது. 1998-இல் ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டணம் என்று மாறியது. அதுவும் நிலையான கட்டணம் இல்லை. டிராஃபிக்கைப் பார்த்து 6 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும்! சாதாரண நாட்களில் 50 சென்ட் முதல் 4 டாலர் வரை, மிக மோசமான நேரத்தில் 8 டாலர் வரை. வசூலான பணத்தில் 'இன்லேண்ட் ப்ரீஸ்' என்ற எக்ஸ்பிரஸ் பஸ் ஓடியது.

கூட்டத்துக்கு ஏற்ப சாலைக் கட்டணம் வாங்க வேண்டும் என்று 1950-களிலேயே சொன்னவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார நிபுணர். 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாவது நாள் அவர் காலமானார். சான் டியாகோவில் அந்த லேனைக் காசுக்குத் திறந்தது, அதற்கு இரண்டே மாதம் கழித்து.

சிங்கப்பூரில் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழைய காசு வாங்கினார்களே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அங்கேயும் 4 பேர் இருந்த கார்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு இருந்தது. ஆனால் சிங்கப்பூரில் உள்ளே போனால் எல்லோரும் கட்ட வேண்டும். ஹாட் லேனில் பக்கத்திலேயே இலவச லேன்கள் இருக்கும். வேண்டுமானால் கட்டு, வேண்டாமென்றால் அங்கே நில்லு. அரசியல்வாதிகளுக்கு இது பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

ஒரு நெடுஞ்சாலை லேனில் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 2,000 கார்கள் சுமாராகப் போக முடியும். அதற்கு மேல் கார்களைத் திணித்தால், 2,100 ஆகாது. மாறாக, திடீரென்று வேகம் சரிந்து, 2,000 கூட போக முடியாமல் போகும். ஒருவர் பிரேக் போட, பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, அந்த அலை பின்னோக்கிப் போய் கடைசியில் யாரோ ஒருவர் நின்றே விடுவார்.

வாஷிங்டன் மாநில போக்குவரத்துத் துறைச் செயலாளராக இருந்த டக் மெக்டொனால்ட் இதை அரிசியை வைத்து விளக்குவார். புனலில் அரிசியை மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் எல்லாம் சீக்கிரம் இறங்கிவிடும். நம்ம வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஆகவே லேன் நிரம்பும் நிலைக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். மணிக்கு 1,600 முதல் 1,700 கார்கள் என்ற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வேகம் குறையாது என்பது பொறியாளர்களின் கணக்கு. சாலையில் பதித்த சென்சார்கள் எத்தனை கார், என்ன வேகம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கூட்டம் கூடினால் கம்ப்யூட்டர் விலையை ஏற்றும், சிலர் வேண்டாம் என்று ஒதுங்குவார்கள். கூட்டம் குறைந்தால் விலை இறங்கும். லேனில் நுழையும்போது பலகையில் என்ன விலை இருந்ததோ, அதுதான் உங்களுக்கு. உள்ளே போன பிறகு ஏறினாலும் உங்களுக்கு ஏறாது.

எல்லா சாலையும் இப்படி இல்லை. 91-இல் கட்டணம் நேரடியாக மாறாது. எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவார்கள். டிராஃபிக் கணக்கைப் பார்த்து அவ்வப்போது திருத்துவார்கள்.

இதற்கு மத்திய அரசின் சட்டமும் இருக்கிறது. தனி ஆட்களை காசுக்கு உள்ளே விடும் கார்பூல் லேனில், பீக் அவரில் 90 சதவீத நேரம், மணிக்கு குறைந்தது 45 மைல், அதாவது 72 கி.மீ வேகம் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் கட்டணத்தை ஏற்றணும், அல்லது 2 பேர் விதியை 3 பேர் ஆக்கணும், அல்லது வேறு வழி பார்க்கணும். 'காசு பார்ப்பதற்காக ஏற்றுகிறார்கள்' என்று மக்கள் திட்டும்போது, அதிகாரிகள் காட்டுவது இந்த விதியைத்தான்.

விலை ஏறினால் கூட்டம் கூடுமா?

மினசோட்டாவில் நடந்ததைக் கேட்டால் பொருளாதார பாடப் புத்தகத்தையே மூடி வைக்கத் தோன்றும். அங்கே ஐ-394 சாலையில் 2005 மே மாதம் ஹாட் லேன் வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜான்சன், டேவிட் லெவின்சன் இருவரும் அங்குள்ள லேன்களில் கட்டணத்தை மாற்றிப் பார்த்து ஆராய்ந்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. விலை ஏற ஏற, லேனுக்குள் வரும் தனி டிரைவர்களும் கூடினார்கள்!

காரணம், டிரைவருக்கு முன்னால் 5 மைல் தள்ளி என்ன நடக்கிறது என்று தெரியாது. பலகையில் விலை அதிகமாக இருந்தால், 'ஆஹா, முன்னாடி பெரிய ஜாம் போல, இதுலயே போயிடுவோம்' என்று நினைக்கிறார். விலை அவருக்கு டிராஃபிக் தகவலாகவும் ஆகிவிடுகிறது. தக்காளி விலை ஏறினால் வாங்குவதைக் குறைப்போம். இங்கே விலையைப் பார்த்துத்தான் சரக்கின் தரமே தெரிகிறது. 40 டாலர் காட்டியபோதும் சிலர் உள்ளே போனதற்கு இதுவும் ஒரு விளக்கமாக இருக்கலாம்.

பணக்காரர்களுக்கான லேனா இது?

'லெக்ஸஸ் லேன்'. அமெரிக்க மக்கள் கிண்டலாக வைத்த பெயர் இது. விலை உயர்ந்த லெக்ஸஸ் கார் வைத்திருப்பவர்கள் சர்ரென்று போக, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கணும் என்ற அர்த்தத்தில்.

இது பாதி உண்மை. கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வுகளில், வசதி உள்ளவர்கள் அடிக்கடி பயன்படுத்துவது தெரிய வந்தது. அதே சமயம், எல்லா வருமானப் பிரிவினரும் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலானோர் தினமும் அல்ல, அவசரத்துக்குத்தான் என்பதும் தெரிந்தது. குழந்தைகள் காப்பகத்தில் இருந்து பிள்ளையைக் கூப்பிட லேட்டானால், நிமிடக் கணக்கில் கூடுதல் கட்டணம் வாங்கும் ஊர் அது. அப்படிப்பட்ட ஒரு தாய்க்கு 5 டாலர் டோல் லாபம். ஒரு நாளில் 4 வீடு போக வேண்டிய பிளம்பருக்கு, 5-வது வீடு கிடைத்தால் டோல் காசு வந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் 2012 நவம்பரில் ஐ-110 சாலையில் தொடங்கியபோது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கருவி வாங்க 25 டாலர் சலுகை கொடுத்தார்கள். 25 டாலர் எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி.

உண்மையில் ஏழை, பணக்காரர் என்பதைவிட முக்கியமான கேள்வி, 'யாரிடம் இருந்ததை எடுத்தார்கள்?' என்பதுதான்.

91-இல் புதிய லேன் போட்டார்கள். யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. அட்லாண்டாவில் நடந்தது வேறு. 2011 அக்டோபர் 1-ஆம் தேதி, ஐ-85 சாலையில் ஏற்கெனவே இருந்த கார்பூல் லேனை, மத்திய அரசின் 110 மில்லியன் டாலர் மானியத் திட்டத்தில் ஹாட் லேனாக மாற்றினார்கள். கூடவே, 2 பேர் விதியை 3 பேர் என்று ஆக்கினார்கள். நேற்று வரை இலவசமாகப் போன 2 பேர் கார், இன்று டோல் கட்ட வேண்டும் அல்லது பொது லேனுக்குப் போக வேண்டும். பெரும்பாலானோர் பொது லேனுக்குப் போனார்கள். அங்கே ஜாம் இன்னும் மோசமானது, ஹாட் லேன் வெறிச்சோடியது. ஒரே வாரத்தில் ஆளுநர் நேதன் டீல் தலையிட்டு கட்டணத்தைக் குறைக்க உத்தரவிட்டார்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-405 சாலையில் 2015 செப்டம்பரில் தொடங்கிய டோல் லேனும் அப்படியே கோபத்தைக் கிளப்பியது. அடுத்த மார்ச்சில் இரவு நேரமும் வார இறுதியும் இலவசம் என்று இறங்கி வந்தார்கள். அதற்கு முன்பே, பிப்ரவரியில், போக்குவரத்துச் செயலாளர் லின் பீட்டர்சனின் நியமனத்தை மாநில செனட் நிராகரித்து அவரது பதவியே போனது. உறுப்பினர்கள் அடுக்கிய காரணங்களில் இந்த டோலும் ஒன்று.

இப்போது ஐ-66-க்கு வருவோம். 'தனி ஆளுக்கு முன்பு அனுமதியே இல்லையே, இப்போ கிடைச்சதே லாபம்தானே' என்று அதிகாரிகள் சொன்னது முழு உண்மை இல்லை. முன்பு காலையில் கட்டுப்பாடு 6.30 முதல் 9 மணி வரை. புதிய டோல் 5.30 முதல் 9.30 வரை. மாலையில் முன்பு 4 முதல் 6.30 வரை. புதிதாக 3 முதல் 7 வரை. அதாவது, கட்டுப்பாடு தொடங்கும் முன் விடியற்காலையில் எழுந்து தனியாக, சட்டப்படி, இலவசமாகப் போனவர்கள் இப்போது மாட்டிக்கொண்டார்கள். பழைய ஹைப்ரிட் கார்களுக்கு இருந்த விலக்கும், டல்லஸ் விமான நிலையம் போய் வருபவர்களுக்கு இருந்த விலக்கும் போயின. அதற்கு மேல், கட்டணத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. 40 டாலர் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் நியாயமான குறை இந்த நேர நீட்டிப்பில்தான் இருந்தது என்பது நம் பார்வை.

வசூலான பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். ஐ-66-இன் இந்தப் பகுதியில் வரும் பணத்தில் ஒரு பங்கு, அதே வழித்தடத்தில் பஸ் விடுவது போன்ற பொதுப் போக்குவரத்துத் திட்டங்களுக்குப் போகிறது. வேறு சில சாலைகளில் அது தனியார் நிறுவனத்தின் வருமானம்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் சிக்கல்

தனியார் முதலீடு வந்தால் கூடவே நிபந்தனைகளும் வரும். 91-ஐக் கட்டிய நிறுவனத்துக்கும் மாநில அரசுக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தில், பக்கத்தில் உள்ள இலவச லேன்களை அரசு விரிவாக்கக்கூடாது என்று ஒரு ஷரத்து. இலவச லேனில் ஜாம் இருந்தால்தானே டோல் லேனுக்கு ஆள் வரும்! ஜனத்தொகை பெருகியது, ஜாம் பெருகியது, அரசால் லேன் சேர்க்க முடியவில்லை. வழக்கு வரை போனது. கடைசியில் 2003-இல் ஆரஞ்சு கவுன்ட்டி போக்குவரத்து ஆணையம் 207.5 மில்லியன் டாலர் கொடுத்து அந்த உரிமையையே வாங்கிக்கொண்டது.

வர்ஜீனியாவில் 2012 நவம்பரில் திறந்த ஐ-495 எக்ஸ்பிரஸ் லேன் ஒப்பந்தம் இன்னும் விசித்திரம். இலவசமாகப் போகும் கார்பூல் வண்டிகள் 24 சதவீதத்தைத் தாண்டினால், அதனால் ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பகுதியை மாநில அரசு நிறுவனத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். சேர்ந்து போங்க என்று சொல்வதற்காகப் பிறந்த லேனில், மக்கள் அதிகமாகச் சேர்ந்து போனால் அரசுக்குச் செலவு!

ஜார்ஜியா மாநிலம் இன்னொரு படி மேலே போய்விட்டது. அட்லாண்டாவின் வடமேற்கில் 2018-இல் திறந்த புதிய எக்ஸ்பிரஸ் லேன்களில் சாதாரண கார்பூலுக்கு விலக்கே இல்லை. 4 பேர் இருந்தாலும் டோல்தான். பஸ்களுக்கும், பதிவு செய்த வேன்களுக்கும் மட்டும் சலுகை.

பொம்மையை உட்கார வைத்தவர்கள்

பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் காசு மிச்சம் என்றால், ஆளை 'உருவாக்க' ஆட்கள் இருக்க மாட்டார்களா? துணிக்கடை பொம்மைக்குத் தொப்பியும் கண்ணாடியும் மாட்டி பெல்ட் போட்டு உட்கார வைத்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கலிஃபோர்னியாவில் கார்பூல் லேன் விதியை மீறினால் குறைந்தபட்ச அபராதமே 490 டாலர். ஆனாலும் பொம்மைகள் குறையவில்லை.

2019-இல் லாஸ் வேகாஸில் அமரர் ஊர்தி ஒன்றை கார்பூல் லேனில் போலீசார் நிறுத்தினார்கள். 'பின்னாடி ஒருத்தர் இருக்காரே, அவர் கணக்கில் வர மாட்டாரா?' என்று டிரைவர் கேட்டார். வர மாட்டார் என்று எச்சரித்து அனுப்பினார்கள். 2022-இல் டெக்ஸாஸில் தனியாக காரில் போன கர்ப்பிணி ஒருவர், வயிற்றில் இருக்கும் குழந்தையும் ஒரு ஆள்தான் என்று வாதிட்டார். கருக்கலைப்பு உரிமை குறித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே இது நடந்ததால், நாடு முழுக்க விவாதமானது. அவர் மீதான அந்த அபராத வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

ஹாட் லேன்களில் கண்காணிப்பது இன்னும் கஷ்டம். முன்பெல்லாம் லேனில் தனி ஆள் இருந்தாலே தவறு. இப்போது காசு கட்டிய தனி ஆள் யார், ஏமாற்றும் தனி ஆள் யார் என்று பார்த்தவுடன் தெரியாது. அதனால் பல மாநிலங்களில் கருவியிலேயே சுவிட்ச் வைத்துவிட்டார்கள். எத்தனை பேர் இருக்கிறோம் என்று டிரைவரே அதில் தேர்வு செய்யணும். லேனைக் கடக்கும்போது அதைக் காட்டும் விளக்கு எரியும், போலீஸ் அதைப் பார்த்து காருக்குள் எண்ணுவார்.

எலக்ட்ரிக் கார்களுக்கும் இலவசமா?

இருந்தது, இப்போது இல்லை. தனி ஆள் ஓட்டினாலும், எலக்ட்ரிக் போன்ற மாசு குறைந்த கார்களை கார்பூல் லேனில் விடலாம் என்று மாநிலங்களுக்கு மத்திய சட்டம் அனுமதி கொடுத்திருந்தது. கலிஃபோர்னியாவில் இதற்கென்று ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அந்த ஸ்டிக்கருக்காகவே கார் வாங்கியவர்களும் உண்டு. அந்த அனுமதி 2025 செப்டம்பர் 30-உடன் காலாவதியானது. எலக்ட்ரிக் காரில் தனியாகப் போனாலும் இனி மற்றவர்களைப் போலத்தான்.

நம்ம ஃபாஸ்டேகும் இதுவும் ஒன்றா?

தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணாடியில் ஒட்டும் அட்டை, ரேடியோ அலையில் படிக்கும் கருவி, கணக்கில் இருந்து பணம். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஆனால் நம்ம டோல் முறை வேறு. இங்கே சாலைக்கான செலவு, பயணிக்கும் தூரம், வண்டியின் வகை ஆகியவற்றை வைத்துக் கட்டணம். அதிகாலை 4 மணிக்குப் போனாலும், தீபாவளிக்கு முந்தின நாள் மாலை பரனூரில் வரிசையில் நின்றாலும் அதே தொகை. காரில் ஒருத்தர் இருந்தாலும் 5 பேர் இருந்தாலும் அதே தொகை. டோல் கட்டுவது சாலைக்கு. ஹாட் லேனில் கட்டுவது ஜாமில் நிற்காமல் இருப்பதற்கு.

அமெரிக்காவில் கார் ஓட்டப் போறீங்களா?

பிள்ளைகளைப் பார்க்கப் போய் அங்கே வாடகை கார் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'காரில் நாம 4 பேர் இருக்கோமே, ஹாட் லேன் நமக்கு ஃப்ரீதானே' என்று நேராக உள்ளே போய்விடக் கூடாது. எத்தனை பேர் வேண்டும் என்பது சாலைக்குச் சாலை மாறும். ஐ-66-இலேயே 2022 டிசம்பர் முதல் 2 பேர் போதாது, 3 பேர் வேண்டும். ஆட்கள் இருந்தாலும் கருவி இல்லாமல் இலவசம் கிடைக்காது. வர்ஜீனியாவில் அதற்கு 'ஈஸி-பாஸ் ஃப்ளெக்ஸ்' என்ற தனி வகைக் கருவி தேவை, சாதாரண ஈஸி-பாஸ் போதாது. லேனுக்குள் நுழையும் முன்பே அதன் சுவிட்சை கார்பூல் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். மறந்துவிட்டால், கார் நிறைய ஆள் இருந்தாலும் பலகையில் காட்டிய முழுத் தொகையும் கணக்கில் இருந்து போய்விடும்.